கெரெ ஹப்பா: ஓர் ஏரியின் திருவிழாவும் அதற்கு அடுத்த திங்கட்கிழமையும்

பெங்களூரின் தென்கிழக்கே, சர்ஜாபூர் சாலையில் வண்டிகள் நின்று நின்று நகரும் ஓரிடத்தில், சாலையை ஒட்டியே ஓர் ஏரி இருக்கிறது. கைகொண்டரஹள்ளி ஏரி. பரப்பு 48 ஏக்கர். சாதாரண நாட்களில் காலை நடைக்கு வருபவர்களும் நீர்க்காகங்களும்தான் அதன் நிரந்தர வாடிக்கையாளர்கள். ஏரி மீண்டதைக் கொண்டாட அக்கம்பக்கத்தவர் விடுமுறை நாளில் கூடும்போது கரை கொள்ளாது. அந்தக் கூடுகைக்குக் கெரெ ஹப்பா என்று பெயர். கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி; ஹப்பா என்றால் திருவிழா.

விடிந்ததும் பறவை பார்க்க ஒரு கூட்டம் கிளம்பும். மரங்களின் பெயர் சொல்லியபடி இன்னொரு கூட்டம் கரையைச் சுற்றும். படிக்கட்டு வைத்த திறந்தவெளி அரங்கில் கதை சொல்வார்கள், பாடுவார்கள். குழந்தைகள் கையில் களிமண்ணும் வண்ணமும் இருக்கும். விற்பனைக்குக் கைவினைப் பொருள்களும் தின்பண்டங்களும் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவைப் புல்வெளிக்குக் கொண்டுவந்து வைத்ததுபோலத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஏரியின் முன்கதையையும் விழாவுக்குப் பின்னால் நடக்கும் வேலைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இந்த விழாவுக்கு ஏரிப் பராமரிப்பில் ஒரு வேலை இருக்கிறது என்பது புலப்பட்டது. அந்த வேலையை அது எவ்வளவு தூரம் செய்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இயற்கை ஏரியா?

இத்தகைய விழாக்களைப் பற்றி எழுதுபவர்கள் ‘இயற்கை ஏரி மீட்கப்பட்டது’ என்று தொடங்குவது வழக்கம். பெங்களூரைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக்கு மேலே, மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மழை இந்த மேட்டில் விழுந்து மூன்று பெரிய பள்ளத்தாக்குகள் வழியே வெளியேறுகிறது. ஹெப்பால், கோரமங்கலா–செல்லகட்டா ஆகிய இரண்டும் தென்பெண்ணைக்குப் போகின்றன. விருஷபாவதி அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. ஓடிப்போகும் இந்த நீரைத் தடுத்து வைக்க, ஓடைகளின் குறுக்கே மண்கரை எழுப்பி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி அமைத்தவைதான் இங்குள்ள ஏரிகள். பள்ளம் இயற்கை தந்தது. கரையும் மதகும் ஆட்கள் போட்டவை.

இதை வெறும் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் போட்ட ஏரிக்கு எப்போதும் ஆள் வேண்டும். காட்டுக்குள் இருக்கும் சுனையைச் சும்மா விட்டுவைத்தால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மண்கரை ஏரியைச் சும்மா விட்டால் வண்டல் மேடிடும், கரையில் எலி வளை தோண்டும், வரத்துக்கால் புதர் மண்டும். ‘மீட்டாயிற்று’ என்று முற்றுப்புள்ளி வைக்க முடியாத பொருள் அது.

பெங்களூர் ஏரிகளில் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. தொம்லூர் சொக்கநாதர் கோவில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கைகொண்டரஹள்ளிக்குச் சில கிலோமீட்டர் மேற்கே அகரத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு அமைத்ததைப் பற்றிப் பேசுகிறது. சொற்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாம் தூம்பு என்பதை அவர்கள் தூபு என்கிறார்கள். ஏரி நிரம்பி வழியும் இடம் கன்னடத்தில் கோடி. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலும் ‘ஏரி கோடி போகிறது’ என்றுதான் சொல்வார்கள். மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் நீர் பிரித்துக் கொடுத்த ஊழியருக்கு அங்கே நீருகண்டி என்று பெயர். நம் பக்கத்து நீர்க்கட்டியும் மடைக்குடும்பனும் அவருடைய உறவுக்காரர்கள். அவருக்குக் கூலி விளைச்சலில் ஒரு பங்கு.

ஏரித் திருவிழாவும் புதிதல்ல. கர்நாடகத்தில் ஏரியோ அணையோ நிரம்பினால் ‘பாகினம்’ கொடுப்பார்கள். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், தானியம் வைத்து, மற்றொரு முறத்தால் மூடி, நீரில் விடுவது வழக்கம். கங்கைக்குச் சீர் செய்வது அது. கிருஷ்ணராஜசாகர் நிரம்பும் ஆண்டுகளில் முதலமைச்சரே போய்ப் பாகினம் விடுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த விழாவின் நாளைக் குறித்தது மழை. நிரம்பாத ஆண்டில் விழா கிடையாது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு நீரில் உரிமையும் இருந்தது, வேலையும் இருந்தது. ராகியும் நெல்லும் விளைய வேண்டும், மாடு குடிக்க வேண்டும், துணி வெளுக்க வேண்டும்.

இப்போதைய ஹப்பாவின் நாளைக் குறிப்பது விடுமுறை. வருபவர்களில் பலருக்கு அந்த நீரில் நேரடித் தேவை எதுவும் இல்லை. குழாயைத் திறந்தால் வருவது ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரி நீரோதான். இந்த இடைவெளியில்தான் நம் கதை நடக்கிறது.

செத்தது எப்படி

நகரத்துக்கு ஏரிகள் தேவைப்படாமல் போனது படிப்படியாக நடந்தது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1974-இல் காவிரி வந்தது. நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும், பக்கத்தில் இருக்கும் ஏரி மனையாகத் தெரிய ஆரம்பித்தது. நகரின் நடுவில் பல ஏரிகள் பேருந்து நிலையமாகவும் விளையாட்டரங்கமாகவும் மாறின.

கைகொண்டரஹள்ளி அப்போது நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். அதன் ஏரி இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. பிறகு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிவட்டச் சாலையை மொய்த்தன. சர்ஜாபூர் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்தன. 2007-இல் பெங்களூர் மாநகராட்சியைப் பெருநகர மாநகராட்சியாக விரித்தபோது சுற்றியிருந்த 110 கிராமங்கள் உள்ளே வந்தன. கிராமங்கள் வந்தன, அவற்றுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. காவிரி நீரும் வரவில்லை. அந்தப் பகுதிகளுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 அக்டோபரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கழிவுநீர் எங்கே போயிருக்கும்? சரிவு எங்கே போகிறதோ அங்கே. சரிவு முடியும் இடத்தில்தான் முன்னோர் ஏரி வைத்திருந்தார்கள்.

மழைநீரைக் கொண்டுவந்து சேர்த்த ராஜகாலுவே, அதாவது வரத்துக்கால், சாக்கடை கொண்டுவரும் கால்வாயாயிற்று. வரத்துப் பரப்பில் கட்டடம் எழுந்த இடங்களில் அதுவும் துண்டுபட்டது. 2000-களின் இறுதியில் கைகொண்டரஹள்ளி ஏரி பெரும்பாலும் காய்ந்து, ஆங்காங்கே கழிவுநீர் தேங்கி, ஓரங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடக்கும் வெளியாக இருந்தது. புதிதாகக் குடிவந்த பலருக்கு அங்கே ஏரி ஒன்று இருந்ததே தெரியாது.

கரை ஏறியது எப்படி

2009 வாக்கில் மாநகராட்சி அந்த ஏரியைச் சீரமைக்கத் திட்டமிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட திட்டங்கள் ஒப்பந்ததாரரோடு தொடங்கி ஒப்பந்ததாரரோடு முடியும். இங்கே குடியிருப்பாளர்கள் சிலர் முன்கூட்டியே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், பொறியாளர்களோடு உட்கார்ந்தார்கள், கிராமத்துப் பெரியவர்களிடம் பழைய வரத்துக்கால் எங்கே ஓடியது என்று விசாரித்தார்கள். சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திரா இந்த முயற்சியில் தொடக்கம் முதலே பங்குகொண்டவர். பொதுச் சொத்துகளை மக்கள் கூடிப் பராமரிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் அவரும் இணைந்து பெங்களூர் ஏரிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆஸ்ட்ரம் 2012-இல் மறைந்த பிறகு 2014-இல் வெளியாயிற்று. சில ஏரிகளில் மட்டும் மக்கள் கூடுகிறார்கள், மற்றவற்றில் ஏன் கூடுவதில்லை என்பது அந்த ஆய்வின் அடிப்படைக் கேள்வி.

மாநகராட்சியில் அப்போது இருந்த பொறியாளர்கள் காது கொடுத்ததும் முக்கியம். அதிகாரி மாறினால் கதையே மாறிவிடும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

வேலை என்ன நடந்தது? எல்லை அளந்து வேலி போட்டார்கள். வண்டல் வாரினார்கள். கரையைப் பலப்படுத்தி நடைபாதை அமைத்தார்கள். கழிவுநீரை ஏரிக்குள் விடாமல் சுற்றி அனுப்ப வழி செய்தார்கள். பறவைகளுக்காக நடுவே மண்திட்டு விட்டார்கள். பிள்ளையார் சிலைகளைக் கரைக்க ஏரியிலிருந்து பிரித்துத் தனியாகக் கல்யாணி ஒன்று கட்டினார்கள். நம் ஊர்த் தெப்பக்குளத்தின் குட்டி வடிவம் அது. சாயமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஏரிக்குள் போகாது. பக்தியோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு வேறு தண்ணீர் காட்டிய இந்த ஏற்பாடுதான் முழுத் திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது. 2011 வாக்கில் ஏரி மறுபடி ஏரியாயிற்று. கூழைக்கடாக்களும் நாமக்கோழிகளும் யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தன.

குறைகளும் உண்டு. பெங்களூரில் சீரமைத்த பல ஏரிகள் மேல் சூழலியலாளர்கள் வைக்கும் பொதுக் குற்றச்சாட்டு, அவற்றைச் சூப்புக் கிண்ணம் போல வெட்டிவிட்டார்கள் என்பது. பழைய ஏரியில் கரைப் பக்கம் ஆழம். வரத்துப் பக்கம் சரிந்து சரிந்து சேறாகி, புல்வெளியாகி, வயலாகி முடியும். உள்ளான்கள் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். மாடு மேய்ந்ததும் கோடையில் சிறுபயிர் வைத்ததும் அங்கேதான். நான்கு பக்கமும் ஒரே மாதிரி கரை எழுப்பி நடைபாதை போட்டால் நடப்பவருக்கு வசதி. கணுக்கால் ஆழ நீரை நம்பிய பறவைக்கு இடமில்லை. கைகொண்டரஹள்ளியில் மண்திட்டும் நாணல் ஓரங்களும் விட்டுவைத்ததால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் நடைபாதை ஏரியைச் சுற்றிக் கட்டிய வளையல்தான்.

விழாவின் வேலை

சீரமைப்பு முடிந்ததும் பெரும்பாலான திட்டங்களில் பெயர்ப்பலகை ஒன்று மிஞ்சும். இங்கே ஓர் அறக்கட்டளை மிஞ்சியது. மகாதேவபுரா பரிசர சம்ரக்ஷணே மத்து அபிவிருத்தி சமிதி என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக மாப்சாஸ். காவலாளி, தோட்டக்காரர் சம்பளம், களை எடுப்பு, குப்பை அகற்றல், எங்கே குழாய் உடைந்து கழிவுநீர் வருகிறது என்ற கண்காணிப்பு: இப்படிப் புகைப்படம் எடுக்கத் தோன்றாத வேலைகளை அது கையில் எடுத்தது. கெரெ ஹப்பா இந்த அமைப்பின் வழியாகவே நடந்தது.

இந்த வரிசையில்தான் விழாவைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். பழைய ஏரிக்கு நீர்ப்பங்கு இருந்தவர்கள் கூடினார்கள். வண்டல் வாரத் தலைக்கு ஓர் ஆள் அனுப்பினார்கள். வாரிய வண்டலை வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். பங்கு இருந்ததால் பொறுப்பு வந்தது. புதிய ஏரியைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பங்கு என்று ஒன்று இல்லை. அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது. பத்து வயதில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கதை கேட்ட பெண்ணுக்கு அது ‘எங்கள் ஏரி’. அதில் சாக்கடை கலந்தால் அவளுடைய அம்மா மாநகராட்சிக்கு எழுதும் புகாரில் சூடு இருக்கும். கேட்க மெல்லியதாகத் தெரிந்தாலும், விண்ணப்பம், கூட்டம், நீதிமன்றம் என்று எத்தனையோ தடவை இந்த ஏரிக்காக ஆள் திரட்ட வேண்டி வந்தபோது, அந்த ஆட்கள் இப்படித்தான் கிடைத்தார்கள்.

நிலத்தடி நீரில் பங்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 ஏக்கர் முழுவதிலும் ஓர் அடி நீர் நின்றால் ஏறத்தாழ 5.9 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் 4,900 லாரி. அதில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு கீழே இறங்கும் என்பது மண்ணையும் கோடையையும் பொறுத்தது. ஆனால் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரிக்கு வரிசையில் நின்ற பகுதிகளில் இதுவும் ஒன்று. விழாப் பந்தலில் நடன நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை ஒரு தட்டியில் எழுதி வைத்தால் நடனத்துக்குக் குறைவாகக் கூட்டம் வராது என்பது என் எண்ணம்.

யார் வருகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஏரிக்கரையில் அரசுப் பள்ளி இருக்கிறது. அதன் பிள்ளைகளுக்கு ஏரி முற்றம் மாதிரி. மாட்டுக்குப் புல் அறுக்க வருபவர்களும் மீன் பிடிப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நகர ஏரிச் சீரமைப்பில் பொதுவாக முதலில் வெளியேற்றப்படுபவர்கள் இவர்கள்தான். வேலி வருகிறது, வாயிலில் நேரம் எழுதிய பலகை வருகிறது, ‘அழகு’ வருகிறது. ஆடு மாடு அசிங்கமாகிவிடுகிறது. கைகொண்டரஹள்ளியில் புல் அறுக்க இடம் விட்டார்கள். அதற்கு உள்ளூர்க்காரர்களோடு தொடக்கத்திலேயே நடந்த பேச்சுதான் காரணம். இருந்தாலும் விழா மேடையின் மொழி, நேரம், நிகழ்ச்சிகள் ஆகியவை அடுக்குமாடிக்காரர்களின் வசதிக்கேற்பவே அமைகின்றன. ஞாயிறு காலை புல் அறுப்பவருக்கு விடுமுறை இல்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் தொட ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் இடம் உண்டு. ஹப்பாவில் அந்த இட ஒதுக்கீடு இன்னும் சரியாக நடக்கவில்லை.

திங்கட்கிழமை

விழா முடிந்த மறுநாள் ஏரிக்கு என்ன ஆகிறது? சரிவு அதே சரிவு. மேலே கட்டடம் மட்டும் கூடியிருக்கிறது. கழிவுநீரைச் சுற்றி அனுப்பும் குழாய் அடைத்தாலோ மழையில் பொங்கினாலோ அது நேராக ஏரிக்குள் வரும். அதில் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பாசி பகலில் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் இழுக்கும். விடியற்காலை நான்கைந்து மணிக்கு நீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். கோடையின் முதல் மழை தெருவின் அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து சேரும் நாளில் மீன்களுக்கு மூச்சு நின்றுவிடும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்த காட்சி நாடு முழுவதும் செய்தியாயிற்று. மீட்கப்பட்ட கைகொண்டரஹள்ளியிலும் மீன்கள் செத்து மிதந்ததுண்டு. கூழைக்கடாவைக் காட்டிக் கைதட்டிய அதே இடத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு செத்த மீன் பொறுக்கியவர்களும் அதே தொண்டர்கள்தான். என் கணக்கில் அந்த நாள்தான் விழாவின் தேர்வு முடிவு வெளியான நாள்.

சட்டமும் ஏறி இறங்கியது. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்று 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. நகரத் திட்டத்தில் இருந்தது 30 மீட்டர். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 75 மீட்டரை ரத்து செய்தது. எல்லைக் கோடு இப்படி நகர்ந்தால் ஏரிக்குப் பக்கத்து மனையின் விலையும் நகரும்; அதோடு சேர்ந்து ஆசையும் நகரும்.

அறக்கட்டளைகளுக்கும் சோதனை வந்தது. தனியார் நிறுவனங்களிடம் ஏரிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தங்களை எதிர்த்த வழக்கில் 2020-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஏரி அரசின் பொறுப்பு, அதை வேறு யார் தலையிலும் கட்டக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்துக்கு ஏரி தேடும் நிறுவனத்துக்கும் பத்தாண்டுகளாகக் களை பிடுங்கும் குடியிருப்பாளர் குழுவுக்கும் வேறுபாடு பார்க்காத வலையில் இரண்டுமே சிக்கின. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், அதிகாரபூர்வமாகக் கையில் ஒன்றுமில்லாத நிலையில், குழுக்கள் வெறும் பார்வையாளர்களாகக் கரையில் நின்றன. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து பெருநகர பெங்களூர் ஆணையத்தின் கீழ் வந்தது. யாரிடம் மனு கொடுப்பது என்பதே ஏரிக்காரர்களுக்கு ஒரு தனிப் பாடமாகிவிட்டது.

ஒப்பிட இரண்டு ஏரிகளைச் சொல்லலாம். ஜே.பி. நகரில் இருக்கும் புட்டேனஹள்ளி ஏரி 13 ஏக்கர்தான். அங்கேயும் குடியிருப்பாளர் அறக்கட்டளை இருக்கிறது. மாநகராட்சியோடு முதலில் ஒப்பந்தம் போட்ட மக்கள் குழு அதுதான், 2011-இல். அந்த ஏரியின் நோய் வேறு: வரத்துப் பரப்பு முழுவதும் கட்டடமானதால் நீர் வர வழியில்லை. பக்கத்துக் குடியிருப்பு வளாகத்தின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கேட்டு வாங்கி ஏரிக்குள் விட்டார்கள். வடக்கே ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்து நீர், நாணலும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியே வடிகட்டி உள்ளே வருகிறது. கோடையிலும் ஏரி காய்வதில்லை. ஒரு காலத்தில் ஏரியைக் கொன்றது கழிவுநீர்; சுத்தம் செய்தால் நகர ஏரிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஒரே வரத்தும் அதுதான். கைகொண்டரஹள்ளியில் கழிவுநீரை வெளியே தள்ளுவதோடு வேலை பாதிதான் முடிந்தது என்பதை இந்த இரண்டும் சுட்டுகின்றன. தள்ளிய நீர் ஆவியாகிவிடவில்லை. அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது.

கோடிக்குக் கீழே

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே இரவு மழையில் சர்ஜாபூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் மூழ்கின. பெரிய வீடுகளிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏரிகள் உடைந்ததால் வந்த வெள்ளம் என்று அப்போது பேசினார்கள். ஏரிகள் நிரம்பின, வழிந்தன, அது அவற்றின் இயல்பு. வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழியில்தான் மதில் சுவரும் அடித்தள வாகன நிறுத்தமும் நின்றன. ஒரே ஓர் ஏரியை எடுத்து, வேலி போட்டு, விழா நடத்தி மீட்பதன் எல்லை அன்று தெரிந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பளபளப்பாகத் துடைத்து வைத்திருக்கிறோம்.

விழாவில் நான் பார்க்க விரும்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பறவை நடை, மர நடை போல ஒரு நீர் நடை. ஏரியைச் சுற்றி வரும் வட்ட நடையாக இல்லாமல், மேலேயிருந்து கீழே போகும் நடை. மேல் ஏரியில் தொடங்கி, வரத்துக்கால் எங்கெல்லாம் கான்கிரீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது, எந்தக் குழாய் எங்கே வந்து திறக்கிறது என்று பார்த்தபடி கைகொண்டரஹள்ளிக்கு வந்து, கோடியைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். புல் அறுப்பவர்களுக்கும் மீன்காரர்களுக்கும் அந்த வழி மனப்பாடம். முன்னால் நடந்து வழி காட்ட அவர்களை அழைக்கலாம், கூலி கொடுத்து. நீருகண்டியின் வேலையை ஒரு நாளுக்காவது திரும்ப ஏற்படுத்தியதுபோல இருக்கும். பாதி வழியில் காலணி கையில் ஏறும் என்பதால் கூட்டம் குறையலாம்.

அந்த நடை எங்கே முடியும்? கைகொண்டரஹள்ளியின் கோடி நீர் சவுல் கெரெக்குப் போகிறது. அங்கிருந்து பெல்லந்தூர், ஏறத்தாழ 900 ஏக்கர், பெங்களூரின் மிகப் பெரிய ஏரி. 2015-இல் நுரை பொங்கிச் சாலையில் பறந்ததும், 2017 பிப்ரவரியில் நீர்மேல் தீப்பிடித்து எரிந்ததும், 2018 ஜனவரியில் ராணுவம் வந்து தீ அணைத்ததும் அங்கேதான். அடுத்து வர்த்தூர். அதற்குப் பிறகு தென்பெண்ணை. கன்னடத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு எல்லை தாண்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு அது வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் அணை மதகைத் திறக்கும் நாட்களில் கீழே இருக்கும் தரைப்பாலத்தில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இரு கரையிலும் வண்டிகளை நிறுத்திவிட்டு, அது காற்றில் கலையட்டும் என்று ஊர்க்காரர்கள் காத்திருப்பார்கள்.